கணப்புக்குள் எழுதியிருந்தது

அத்தியாயம் 17

வாத்தியார் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்களுக்காகவும், இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகவும் இன்னொரு தரம் சொல்லிவிடலாம். வாத்தியாருக்குத்தான் அது பிடிக்காது.

"ஈரத்துணியை ரூமுக்குள்ளயே காயப்போட்டா சுவர் அழும், புள்ள இருமும். ஒரு ரூமைப் பார்த்துக்கத் தெரியாதவ, புள்ளையை எப்படிப் பார்த்துப்பா?"

வாத்தியாரின் தம்பி மகளுக்கு மூன்றாவது பிறந்தநாள். கூடத்தில் இருபது பேர், கையில் கேக் தட்டோடு. வாத்தியார் சொன்னது தம்பியின் மனைவியை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக்கடை மாடியில் குடிபோய்விட்டான். சின்னவளுக்கு வேலையும் அதே கடையில்தான். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஓடிவிட்டது. வாத்தியார் வீட்டு மாடியில் அவர்கள் இருந்த படுக்கையறை காலியாகக் கிடக்கிறது. கொடி இல்லை, ஈரத்துணி இல்லை, இருமல் இல்லை. சுவரில் மட்டும், காபி கொட்டினாற்போல இருந்த கறை போகவில்லை. போகாதது மட்டுமா, உள்ளங்கை அகலம் இருந்தது தலையணை அகலம் ஆகிவிட்டது.

அதைப் பார்த்துவிட்டு வாத்தியாரின் மனைவி, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், கொத்தனாரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த அம்மாள் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார். ஐம்பது வயது, தலையில் துண்டு, யாரையும் சார் என்றுதான் கூப்பிடுவார், ஆனால் அந்த சாரில் பயம் இருக்காது.

அன்றைக்குத்தான் நாலு மணிக்குச் சின்னவள் வருகிறாள், மிச்சமிருக்கிற சாமான்களைக் கட்ட. பெரிய கட்டில், பிள்ளையின் சின்னக் கட்டில், ஒரு அலமாரி. ஐந்து மணிக்குத் தம்பி வேனோடு வருவான். அந்தக் கட்டில் படியிறங்கிப் போய்விட்டால் அவர்கள் திரும்பி வர இந்த வீட்டில் ஒரு சாக்கும் மிஞ்சாது. பன்னிரண்டு வயதிலிருந்து தம்பியை வளர்த்தவர் வாத்தியார். மூன்று வாரமாக அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் தான் சொன்னது சரி என்றுதான் இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"கறை இங்கதான் சார் ஆரம்பிக்குது" என்று கொத்தனாரம்மா சுவரைத் தடவினார். "இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"குளிர்காயற கணப்பு இருந்தது. பழைய வீடு பாருங்க, ரூமுக்கு ஒண்ணு கட்டியிருக்காங்க. படுக்கையறையில யாரு நெருப்பு போடறா? சும்மா கிடந்து குளிர் அடிச்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி நானே மூடிட்டேன்."

"நீங்களேவா?"

"நானேதான்" என்றார் வாத்தியார். குரலில் பழைய பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "செங்கல், சிமென்ட், மேல ரெண்டு தரம் பூச்சு. ஒரு எறும்பு நுழைய முடியாது."

இதில் பொய் இல்லை. கோடை விடுமுறை முழுக்க அந்த வேலையில்தான் போயிற்று. அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு, வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் மாடிக்குப் போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்காமல் தப்பித்ததில்லை.

கொத்தனாரம்மாவும் தட்டிப் பார்த்தார். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"காத்துக்கு ஓட்டை எங்க விட்டீங்க?"

"ஓட்டையா? ஓட்டையை மூடத்தானே இவ்வளவும் பண்ணினது?"

அந்த அம்மாள் உளியை வைத்து ஒரு போடு போட்டார்.

முதல் செங்கல் வெளியே வந்தபோது கூடவே ஒரு வாடையும் வந்தது. நனைந்த கரி, அழுகிய இலை, மூடிவைத்த ஈரக் கோணி எல்லாம் சேர்ந்த வாடை. நாலைந்து கல் எடுத்ததும் உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி செய்தித்தாளில் போட்டார். கரிதான். ஆனால் பொடியாக உதிர வேண்டிய கரி களி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. செங்கல்லின் உள்பக்கம் வியர்த்திருந்தது.

"புகைபோக்கி மேல தொறந்துதான் சார் இருக்கு. மழை நேரா உள்ள விழுது. கீழ நீங்க கெட்டியா அடைச்சுட்டீங்க. ரூம்ல நீங்க விடற மூச்சு, கொதிக்கிற தண்ணி, எல்லா ஈரமும் உள்ள போய்க் குளிர்ந்த கல்லுல படியும். கீழேருந்து மேல காத்து ஓடினாத்தானே காயும்? ஓட வழியில்ல. கரியில ஊறி, கரியோட நிறத்தையும் இழுத்துக்கிட்டு, சுவர் வழியா இந்தப் பக்கம் வருது."

"ஈரத்துணி..." என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"துணி காயப்போட்டா ஜன்னல் கண்ணாடியில தண்ணி நிக்கும், மூலையில கொஞ்சம் பூசணம் பிடிக்கும். கணப்பு இருந்த இடத்துல மட்டும் காபி நிறத்துல இறங்காது. இது துணி பண்ணின வேலை இல்ல."

ஆறாம் வகுப்பு, மூன்றாம் பாடம். குளிர்ந்த பரப்பின் மீது நீராவி படிதல். இருபத்தாறு வருடமாக வாத்தியார் அதை நடத்துகிறார். ஐஸ் போட்ட டம்ளரை மேஜையில் வைத்து, வெளியே தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார். கடைசி பெஞ்சுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். வாத்தியார் ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்க்க ஒன்றும் இல்லாத தெருவைப் பார்த்தார்.

அந்த அறையில் அந்தப் பிள்ளை இரண்டு குளிர்காலம் தூங்கியிருக்கிறது. இருமி இருமி, முகம் சிவந்து.

"சார், இங்க வாங்க" என்று கொத்தனாரம்மா கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

பாதிச் சுவர் இறங்கியாயிற்று. டார்ச் வெளிச்சத்தில் கணப்பின் பின்சுவர் தெரிந்தது. கரியேறிய கல்லின் மேல் சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

*கீழே சல்லடைத் தகடு வைத்து மூடியிருக்கிறேன். தகட்டை எடுக்க வேண்டாம். காற்று போகாவிட்டால் சுவர் அழும்.*

"என் எழுத்துதான். பார்த்ததும்தான் ஞாபகம் வருது" என்றார் கொத்தனாரம்மா. "முன்னாடி இருந்தவங்களுக்காகப் பதினாலு வருஷத்துக்கு முன்ன நான்தான் மூடினேன். எங்க தொழில்ல இது ஒரு வழக்கம் சார். மூடினவங்க, நாளைக்குத் தொறக்கப்போறவங்களுக்கு எழுதி வெச்சுட்டுத்தான் மூடுவோம். ஏன் மூடினோம், எப்படி மூடினோம்னு. நான் வெச்ச தகடு எங்க?"

காற்றடித்தால் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று வாத்தியார் பழைய அடைப்பையே இடித்துப் பிடுங்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்ட தகடு அது. அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்று விடாமல் வந்துவிட்டது.

வேலைக்குப் போயிருந்த தம்பியைத் தவிரக் குடும்பமே மாடியில் கூடியிருந்தது. கல்யாணமாகி நாலாவது வருஷம், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு சின்னவள் ஒரு கையால் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து உள்ளே பார்த்துப் படித்தாள்.

"மாமா, இங்க ஏதோ எழுதியிருக்கே. காத்து போக ஓட்டை விடணுமாம்." கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

வாத்தியார் கரண்டியை உயர்த்திக்கொண்டு, வகுப்பில் ஜோக் அடிக்கும் அதே குரலில் சொன்னார்: "எழுதினது கொத்தனார். மூடறது வாத்தியார். நீ யார் பேச்சைக் கேப்பே?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த செங்கல்லை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சுவர் அழும். அந்த இரண்டு வார்த்தையைத் தன்னுடைய சொந்தச் சரக்கு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிறந்தநாளன்று அதைச் சொன்னபோது, நன்றாக வந்து விழுந்ததே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இங்கிருந்து படித்ததைத்தான், படித்தவளின் தலையிலேயே போட்டிருக்கிறார்.

மனிதனுக்கு வெட்கம் வந்தால் உடனே நல்லவனாகிவிடுவான் என்று நினைக்கக் கூடாது. வாத்தியாருக்கு முதலில் வந்த யோசனை வேறு.

"இதைத் தொடச்சிடலாமா?" என்றார் மெல்ல. "எப்படியும் புதுசா மூடப்போறோம். பழசு எதுக்கு? கேட்டா... புகைபோக்கி பழசாயிடுச்சுன்னு சொன்னாப் போதும்."

கொத்தனாரம்மா இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை உருவி நீட்டினார்.

"என் கையால எழுதினதை என் கையால அழிக்க மாட்டேன். நீங்க தொடைக்கறதா இருந்தா தொடைங்க. நான் கூரை ஏறிப் பார்த்துட்டு வரேன்."

அவர் போய்விட்டார். வாத்தியார் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஈரத்தில் ஊறிய சுண்ணாம்பு, கேட்க வேண்டியதே இல்லை, தொட்டதும் வந்துவிட்டது. முதலில் 'அழும்' போயிற்று. பிறகு 'சுவர்' போயிற்று. கரும்பலகையில் எத்தனையோ ஆயிரம் தரம் அழித்த கை, பழக்கத்தில் இடமிருந்து வலம் போகாமல் கடைசியிலிருந்து ஆரம்பித்ததை அவரே கவனித்தார். திருடனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. தோன்றியும் கை நிற்கவில்லை.

"என்னங்க தொடைக்கறீங்க?"

டீ தம்ளரோடு அவர் மனைவி வாசலில் நின்றாள்.

"கரி."

"கரியில எழுத்து இருக்குமா?"

அவள் தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்து குனிந்தாள். மிச்சமிருந்ததைப் படித்தாள். அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை. அவர் கையிலிருந்த துணியையும், முழங்கைவரை அப்பியிருந்த கரியையும் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன்" என்றாள். "அப்புறம் பிறந்தநாள் அன்னிக்கு, நீங்க பேசினப்ப, நானும்தான் சும்மா நின்னேன்."

துணியைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"கையைக் கழுவிட்டுப் போய் புதுத் தகடு வாங்கிட்டு வாங்க."

கடைத்தெரு இரண்டு திருப்பம் தள்ளி. ஞாயிறானாலும் இரும்புக்கடை திறந்திருந்தது. ஆணி, கொண்டி, குழாய் என்று கூரையிலிருந்து தரைவரை தொங்கும் கடை. கடைக்காரர் வாத்தியாரின் பழைய மாணவரின் அப்பா. பேச்சு கொடுக்காமல் யாரையும் விடமாட்டார்.

"கணப்பு மூடற இடத்துல வைக்கிற சல்லடைத் தகடா? இருக்கே!" என்று ஒரு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். "கடைசியா நீங்களே வந்துட்டீங்க. உங்க தம்பி சம்சாரம் போன மழைக்காலத்துல வந்து கேட்டாங்களே, சொன்னாங்களா?"

"என்ன கேட்டா?"

"இதே தகடுதான். அளவெல்லாம் ஒரு நூல்ல முடிச்சுப் போட்டு எடுத்துட்டு வந்தாங்க. எடுத்து வெக்கவான்னு கேட்டேன். 'மாமா கட்டின சுவர், அவர்கிட்ட கேட்டுட்டு வந்து வாங்கிக்கறேன்'னுட்டுப் போனாங்க. அப்புறம் வரல."

தகட்டை அவர் ஊதித் தூசி தட்டிக் கொடுத்தார். அந்தத் தூசி தன் முகத்தில் விழுந்தாலும் பரவாயில்லை என்று வாத்தியார் நின்றார்.

அவள் வந்து கேட்கவில்லையா? கேட்டாள். ஒருநாள் சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "மாமா, அந்தச் சுவர் விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "முதல்ல கொடியைக் கழட்டும்மா" என்றார். அவள் போய்விட்டாள். மறுநாள் கொடியைக் கழற்றியும் விட்டாள். துணியை அப்புறம் எங்கே காயப்போட்டாள் என்று அவர் விசாரிக்கவே இல்லை. பிறந்தநாளன்று அவர் பேசியபோது அந்த அறையில் கொடியே கிடையாது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தகடு பைக்குள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

கூரையிலிருந்து கொத்தனாரம்மா இறங்கியிருந்தார். புகைபோக்கி வாயில் குருவிக் கூடு ஒன்று, பழையது, எடுத்து வைத்திருந்தார். மேலே மண்தொப்பி ஒன்று பொருத்தியாயிற்று. மழை விழாது, பக்கவாட்டில் காற்று போகும். சுரண்டியெடுத்த கரி இரண்டு வாளி நிறைய இருந்தது. கீழே கூடத்துக் கணப்பில் காகிதம் கொளுத்திப் பார்த்து, அந்தப் புகை இங்கே வரவில்லை, அதற்கு வழி தனி என்றும் நிச்சயம் பண்ணிக்கொண்டார்.

பிறகு செங்கல் அடுக்க ஆரம்பித்தார். சிமென்ட் இல்லை, சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இடம் விட்டுத் தகட்டைப் பொருத்தினார். அதன் மேல் மூன்று வரி. எழுத்து இன்னும் தெரிந்தது. அங்கே நிறுத்திக் கரண்டியைத் துடைத்தார்.

"எழுதணும் சார். எதுக்குத் தொறந்தோம்னு என்ன எழுத?"

மனைவி அவரைப் பார்க்காமல் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே பெருக்கின இடத்தை.

"அந்தச் சுண்ணாம்பு மட்டையை இப்படிக் குடுங்க" என்றார் வாத்தியார்.

அழித்த இடத்தில் முதலில் 'சுவர் அழும்' என்று திரும்ப எழுதினார். கரும்பலகை எழுத்து, உருண்டு திரண்டு இருந்தது. அதன் கீழே எழுதினார்: *வாத்தியார் தகட்டைப் பிடுங்கிவிட்டு அடைத்தார். சின்னவள் அப்போதே சொன்னாள். கேட்கவில்லை.*

ஏதோ பெரிய மலையை இறக்கி வைத்தது போல எழுந்தார்.

கொத்தனாரம்மா படித்துப் பார்த்தார். "நல்ல எழுத்து" என்றார். "ஆனா இதை நான் மூடிடுவேனே சார். இன்னும் முப்பது வருஷம் கழிச்சு யாரோ தொறந்து படிப்பாங்க. அதுவரைக்கும்?"

இறக்கி வைத்த மலை திரும்ப வந்து ஏறிக்கொண்டது.

"அவ வர வரைக்கும் மூடாதீங்க" என்றாள் மனைவி.

நாலு மணிக்குச் சின்னவள் வந்தாள். அவளுக்கு முன்னால் படியில் தாவித் தாவி வந்தது அந்தப் பிள்ளை. வீட்டில் பிள்ளைக்குப் பெயர் பட்டாணி.

"பெரியப்பா! எங்க புது வீட்ல பஸ்ஸெல்லாம் தெரியும்! எனக்கு இருமலே இல்ல தெரியுமா? ஒரு நாள்கூட இல்ல!"

"அப்படியா கண்ணு" என்றார் வாத்தியார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளை சொல்லிவிட்டது. பிள்ளை சொன்னது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சின்னவள் அறைக்குள் வந்தாள். இடுப்பு உயரச் சுவர், அதில் புதுத் தகடு, மேலே திறந்த இருட்டு. அவள் கண் நேராக எழுத்துக்குப் போனது. அது எங்கே இருக்கும் என்று தெரிந்தவள் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். படித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலின் மெத்தையைச் சுருட்டப் போனாள்.

"அம்மா" என்றார் வாத்தியார். குரல் அடியில் எங்கேயோ கிடந்தது. "நான் பண்ணினது... தப்பும்மா. உன்னைப் பார்த்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"சரி மாமா."

கடையில் வாடிக்கையாளருக்கு, கண்ணாடி நாளைக்கு ரெடியாகும் என்று சொல்வாளே, அந்தச் சரி. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அவள் மெத்தையைக் கட்டிவிட்டு, பிள்ளை கீழே பெரியம்மாவிடம் ஓடியதைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

"அவருக்கு இது தெரியாது மாமா. நான் அப்பவே சொன்னேங்கறது. அன்னிக்கு அவர் வேலைக்குப் போயிருந்தார். நானும் சொல்லல. சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே நின்னு போயிருக்கும். துணியாலதான் சுவர் கெட்டுச்சு, ஆனாலும் அண்ணன் நாலு பேர் எதிர்ல பேசியிருக்க வேண்டாம்னு மட்டும்தான் அவருக்கு வருத்தம். அது அப்படியே இருக்கட்டும். அவர் வரதுக்குள்ள இதை மூடச் சொல்லிடுங்க."

கொத்தனாரம்மா செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார்.

அந்தக் கணத்தில் வாத்தியாருக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்பாடா என்று இருந்தது. தம்பிக்குத் தெரியாது. அண்ணன் என்றால் உயிர் விடுகிற தம்பி. ஏழு செங்கல் வைத்தால் முடிந்தது. அவளே சொல்லிவிட்டாள், யார் தடுக்கப்போகிறார்கள்?

அந்த அப்பாடாவைத் தனக்குள்ளே பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இவள் இரண்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லாமல் பழியைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். பிள்ளை இருமிய ராத்திரிகளில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இப்போதும் செங்கல் எடுத்துக் கொடுக்கிறாள்.

அன்றைக்குக் கூடத்தில் இருபது பேர் காதில் விழும்படி பேசினோம். இன்றைக்குத் தப்பு என்று சொன்னது எத்தனை பேருக்குக் கேட்டது?

"மூடட்டுமா சார்?" என்றார் கொத்தனாரம்மா.

"இருங்க."

போனை எடுத்தார். அவருடைய அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் சேரும். பிறந்தநாளுக்கு வந்த பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். மீதிப் பேருக்கு, அக்காவிடம் சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

"மாமா, வேண்டாம்" என்றாள் சின்னவள்.

"அக்கா, நான்தான் பேசறேன். ஸ்பீக்கர்ல போடு."

"என்னடா, ஏதாவது விசேஷமா?"

"போடுக்கா. யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும்தான் இருக்காங்க. சித்தப்பா, மாப்பிள்ளை, பசங்க... டேய், டிவியை நிறுத்துங்கடா, வாத்தியார் ஏதோ பாடம் நடத்தப்போறான்."

அங்கே சிரிப்பு கேட்டது. வாத்தியார் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

"மாடி ரூம் சுவர் கெட்டுப்போனது ஈரத்துணியால இல்ல. என்னால. கணப்பை மூடறப்ப காத்துக்கு வழி விடாம அடைச்சுட்டேன். இன்னிக்குத் தொறந்து பார்த்துட்டோம். புள்ள இருமினதும் அதனாலதான். அன்னிக்கு உங்க எல்லார் முன்னாடியும் சின்னவளைப் பேசினேன். புள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதவன்னு சொன்னேன். பார்த்துக்கத் தெரியாதவன் நான்தான். அப்பவே ஓட்டை விடணும்னு அவ சொன்னா. நான் கேக்கல."

"என்னடா சொல்றே?" என்றாள் அந்தப் பக்கம் அக்கா.

இந்தப் பக்கம் சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவள் பார்த்தது வாத்தியாரை அல்ல, அவருக்குப் பின்னால், வாசலை.

தம்பி நின்றுகொண்டிருந்தான். ஐந்து மணி என்று சொன்னவன் அரைமணி முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். தோளில் கட்டில் கட்டுவதற்கான கயிறு.

"அவ அப்பவே சொன்னாளா?" என்றான்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மெத்தை முடிச்சைத் திரும்ப இறுக்கினாள். பிறகு அவன் கணப்புக்கு அருகே போய்க் குனிந்து, அந்தக் கரும்பலகை எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தான். சின்ன வயதில் அவனுக்கு அ, ஆ எழுதிப் பழக்கிய கை எழுதியது.

"நீ என்ன சொன்னே அண்ணா? அவ சொன்னப்போ?"

கேட்கல என்று சொன்னால் போதும். அதுதான் சுவரிலும் எழுதியிருக்கிறது. அதோடு விட்டுவிடலாம்.

"சிரிச்சேன்" என்றார் வாத்தியார். "எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."

போனில் அக்கா, "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து பட்டாணி, "அப்பா, கட்டிலை எடுத்தாச்சா?" என்று கத்தினாள்.

தம்பி பிள்ளையின் சின்னக் கட்டில் மேல் போய் உட்கார்ந்தான். கயிறு இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.